நடுவர் நாற்காலியில் சித்தப்பா

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

இங்கு நாங்கள் நலம். உங்கள் நலத்தையும் சித்தி நலத்தையும் விசாரிப்பது முறை, விசாரித்துவிட்டேன். அம்மாவுக்கு மூட்டுவலி தவிர வேறு குறையில்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

டென்னிஸ் கிளப்பின் நூற்றாண்டு மலரைப் பிழை திருத்தித் தரும்படி செயலாளர் ஒரு கட்டுத் தாளை எனக்கு அனுப்பியிருந்தார். முப்பதாம் பக்கத்தில் உங்கள் கட்டுரை: ‘அண்ணியின் ஆட்டமும் என் நேர்மையும்’. மொத்தம் பதினொரு பத்திகள். அம்மா இரண்டில் வருகிறாள், மற்ற ஒன்பதிலும் நீங்கள் வருகிறீர்கள். ஒரு டென்னிஸ் ஆட்டக்காரியைப் பற்றி எழுதச் சொன்னால் ‘அண்ணி பொறுமைசாலி, எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இது என்ன, வரன் தேடும் விளம்பரமா? தினமும் விடிவதற்கு முன் எழுந்து, வீட்டின் பின்சுவரில் வலை உயரத்துக்குத் தானே கிழித்த கரிக்கோட்டுக்கு மேலே இருநூறு முறை பந்தடித்துவிட்டுத்தான் அவள் அடுப்படிக்குப் போனாள் என்பதும், அந்தச் சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டுப் போஸ்ட் மாஸ்டர் அப்பாவிடம் மூன்று முறை புகார் சொன்னார் என்பதும், பணம் வாங்காமல் ஆடும் ஆட்டக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் பொருளாகத்தான் பரிசு தருவார்கள் என்பதால் கிளப்பின் வருடாந்தரப் போட்டியில் முதல் வருடம் ஜெயித்து ஒரு சுவர்க் கடிகாரமும் அடுத்த வருடம் ஜெயித்து ஒரு இஸ்திரிப் பெட்டியும் தூக்கி வந்தாள் என்பதும் உங்களுக்குத் தெரியாதா? கடிகாரம் ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. இஸ்திரிப் பெட்டி இன்னும் நிற்கவில்லை.

மூன்றாவது வருடத்துக்கு வருகிறேன். தொடர்ந்து மூன்று முறை ஜெயிப்பவர் வெள்ளிக் கோப்பையை வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம் என்பது கிளப் விதி. எதிரே டாக்டரம்மா. வழக்கமாக நடுவராக இருக்கும் வங்கி மேனேஜருக்குப் பல் வீங்கிவிட்டதால் அந்த உயர்ந்த நாற்காலியில் நீங்கள் ஏறி உட்கார்ந்தீர்கள். கடைசி செட்டில் அம்மாவுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி பாக்கி. அவள் அடித்த பந்து கோட்டில் விழுகிறது, சுண்ணாம்புப் பொடி பறக்கிறது, அதை அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து தன் கண்ணால் பார்க்கிறார். நீங்கள் ‘அவுட்’ என்கிறீர்கள். அதற்கப்புறம் அவள் ஒரு கேம்கூட எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் அப்பா கேட்டதும் நீங்கள் சொன்னதும் நம் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

“சொந்த அண்ணிக்குச் சாதகமா சொல்லிட்டான்னு நாலு பேர் பேசிடுவாங்கன்னு பயந்துட்டியாடா?”

“பந்து வெளியில விழுந்தா நான் என்னண்ணா பண்றது? எழுந்து போய் உள்ள தள்ளி வைக்கவா?”

அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஐந்து வருடம் பேசவில்லை. ஒரே வீட்டில் நடுக்கதவுக்கு ஆணி அடித்து, நீங்கள் வாசல் பக்கமும் நாங்கள் பின்பக்கமும் இருந்தோம். ஏதோ காலம் போயிற்று, அப்பாவும் போய்விட்டார், போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் இப்போது நீங்கள் ‘அண்ணியின் பேக்ஹேண்ட், அதாவது புறங்கை அடி, ஒரு சாண் வெளியே விழுந்தது, உறவு வேறு நேர்மை வேறு என்று உலகுக்குக் காட்டினேன்’ என்று அச்சில் ஏற்றப் பார்க்கிறீர்கள். எந்த உலகம் சித்தப்பா? அன்றைக்கு அங்கே இருந்தது நாற்பது நாற்காலி, அதிலும் பாதி காலி. உங்கள் நேர்மைக்கு ஒரு சாட்சியாவது உண்டா? நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். நேரில் பார்த்தவரைக் கேட்டாயா, கேட்காமல் எழுதாதே என்று இருபத்தைந்து வருடமாக மாணவர்களை விரட்டுகிறவள். என் அப்பா நேரில் பார்த்தார். மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் ‘பந்து உள்ளேதான் விழுந்தது’ என்று நீங்களே செயலாளருக்கு எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் நான் எழுதுவேன். எனக்கு ஒரு பத்தி போதும்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் ஆசியை வேண்டுகிறேன். அது கோட்டுக்கு உள்ளே விழுகிறதா என்று பார்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: உறையில் போடுவதற்கு முன் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, “பந்து வெளியிலதான்டி விழுந்துச்சு” என்றாள்.

சுண்ணாம்புப் பொடி பறந்ததை அப்பா பார்த்தாரே என்றேன்.

“உங்கப்பா அன்னைக்குக் கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்தாரு. பொடி பறந்தது டாக்டரம்மா ஷூ கோட்டுல தேய்ச்சதுல.”

“அப்ப ஐம்பது வருஷமா ஏம்மா வாயைத் திறக்கலை?”

“என்னை யாரு கேட்டாங்க? அவன் ஏன் அப்படிச் சொன்னான்னு உங்கப்பா அவனைக் கேட்டாரு. உங்கப்பா ஏன் சண்டை போடுறாருன்னு உன் சித்தி அவரைக் கேட்டா. பந்தை அடிச்சவ நான். எங்க விழுந்துச்சுன்னு ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா? நீதான் கேட்டியா?”

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அனுப்பு என்றாள். நீங்கள் கொஞ்ச நேரம் இதைப் படித்துப் பயந்தால் தப்பில்லையாம். ஆனால் கட்டுரையில் ஒரு திருத்தம் கட்டாயம் வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

“வெளியில போனது ஃபோர்ஹேண்ட். என் பேக்ஹேண்ட் ஒரு நாளும் வெளியில போனதில்லை. அதை மாத்தலைன்னா நடுக்கதவுக்கு நானே ஆணி அடிப்பேன்னு எழுது.”