உதடு மரக்குதா அண்ணே?

புதிதாகப் படித்துவிட்டு அதை மறுநாளே யார் மீதாவது பிரயோகிக்கத் துடிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். நானே அப்படி ஒருத்தியாக இருந்தவள்தான்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டராகச் சேர்ந்த புதிது. மரத்துப்போகும் ஊசி பற்றி முந்தின நாள்தான் வகுப்பு. மருந்து அளவு மீறினாலோ, ரத்தக் குழாய்க்குள் போய்விட்டாலோ உதடு மரக்கும், வாயில் இரும்பு ருசி வரும், காது ரீங்காரமிடும். அப்புறம் வலிப்பு, இதயம்கூட நின்றுவிடலாம். (கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.)

காலையில் ஏழுமலை வந்தார். குப்பத்து மீனவர். உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறியிருந்தது. கூடவே மீன் விற்கும் அவர் மனைவி தேவகி.

"எடை எவ்வளவு அண்ணே?"

"முள்ளு கையிலதான கீது, எடைய ஏம்மா கேக்குற?"

"மருந்து கணக்குப் பண்ணணும்."

"இன்னா, மருந்தும் கிலோ கணக்குலதானா?" என்றார் தேவகி.

எடை பார்த்தேன். மருந்துக் கணக்கை மூன்று முறை பெருக்கினேன். ஊசியைக் குத்தி, ரத்தம் வருகிறதா என்று பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. உடனே விசாரணையைத் தொடங்கினேன்.

"உதடு மரக்குதா அண்ணே?"

"இல்லியே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இரும்பு ருசி?"

நாக்கைச் சப்புக்கொட்டினார். முகம் மாறியது. "ஆமா... லேசா வருது."

"காதுல ங்கொய்னு சத்தம்?"

"கேக்குதும்மா! உதடும் மரக்குது!"

ஊசியை உருவினேன். நான் போட்ட கூச்சலில் வெளிநோயாளி வரிசையே எழுந்து நின்றதாம். ஆக்சிஜன் மாட்டினேன், டிரிப்ஸ் ஏற்ற ரத்தக் குழாயில் ஊசிக்குழாய் செருகினேன். நர்ஸ் மாற்று மருந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அது வெள்ளை வெளேரென்று இருக்கும் கொழுப்புக் கரைசல். பாட்டிலைப் பார்த்ததுதான் தாமதம், தேவகி மார்பில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ, உசுரு இருக்க சொல்லவே பாலு ஊத்தப் பாக்குறாங்களே!"

மயக்க மருந்து நிபுணர் ஓடிவந்தார். நாடி பார்த்தார், இதயத் துடிப்பைக் காட்டும் திரையைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"எவ்வளவு மருந்து போட்டே?"

நான் ஊசியைக் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மருந்து ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

கேள்வி கேட்கிற மும்முரத்தில் நான் அழுத்தவே இல்லை!

"எல்லாம் ஒழுங்காத்தாம்மா செஞ்சிருக்கே," என்றார் அவர் பொறுமையாக. "நிறுத்தினே, ஆள் கூப்பிட்டே, ஆக்சிஜன் குடுத்தே, மாற்று மருந்து வரவழைச்சே. ஊசி மட்டும் போடல."

ஏழுமலை ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து, "அப்ப நான் சாவலியா?" என்றார்.

பிறகு நிபுணர் பக்கத்தில் நிற்க, கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தி மருந்தைச் செலுத்தினேன். முள் வலியில்லாமல் வந்துவிட்டது. என் மானம்தான் திரும்பி வரவில்லை.

குப்பத்தில் கதை எப்படிப் பரவியதோ தெரியாது. போன மாதம்கூட, காலில் கண்ணாடி கிழித்து வந்த ஓர் அம்மா, ஊசியைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் இன்னாத்துக்கு டாக்டரம்மா? ஏழுமல கிட்ட கேட்டியே, அந்த மூணு கேள்விய கேளு. தானா மரத்துடும்."