மாடிவீட்டுக் குப்பைத்தொட்டி

மூடியைத் திறந்தவர் அதே வேகத்தில் மூடிவிட்டார். அப்புறம் மனசு கேட்காமல் ஒரு விரலால் லேசாகத் தூக்கிப் பார்த்தார். உள்ளே, உலை கொதிக்கிற மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

காதைக் கிட்டே கொண்டுபோனால் தூறல் விழுகிற சத்தம்கூடக் கேட்டது. வேறு யாருக்காவது என்றால் குமட்டியிருக்கும். இவர் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவருக்கு. நாளெல்லாம் மங்கலையும் தெளிவையும் மாற்றி மாற்றிப் பார்த்ததாலோ என்னவோ, பாதி நேரம் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பார். கடையில் அவருக்கு 'மேகம்' என்று பெயர்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆனாலும் மிதக்க நேரமில்லை. காலையில் படிக்கட்டில் பார்த்தபோது கீழ்வீட்டுப் பெண் சொல்லியிருந்தாள்.

"சாயங்காலம் அம்மாவை மொட்டைமாடிக்குக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன் சார். அவங்களுக்குக் காத்தாட உக்காரணுமாம்."

மொட்டைமாடிக்குப் போகிற வழி மேகத்தின் வாசல்தான். வாசலை ஒட்டித்தான் தொட்டி.

அவள் தபால் ஆபீசில் தபால்தலை விற்கிற ஜன்னலில் உட்காருபவள். மேகத்துக்குக் கடிதம் போட உலகத்தில் ஒருவரும் கிடையாது. ஆனாலும் அவர் மேஜை இழுப்பறை நிறையத் தபால்தலை இருந்தது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று போவார். சில்லறையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவார். இன்றைக்குப் பேசியே தீருவது என்று முடிவு செய்திருந்தார். புழுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்யாணப் பேச்சை எடுக்க முடியுமா?

உப்பைக் கொட்டினால் சாகும் என்று எப்போதோ கேட்ட ஞாபகம். வீட்டில் உப்பு இல்லை. கீழே இறங்கிக் கதவைத் தட்டினார்.

"கொஞ்சம் உப்பு கிடைக்குமா? சமையலுக்கு."

அவள் முழுப் பாக்கெட்டையே கொண்டுவந்து கையில் வைத்தாள். "எல்லாத்தையும் எடுத்துக்கோங்க சார். திருப்பியெல்லாம் தர வேணாம்."

என்ன மனசு என்று நினைத்தபடி மேகம் படியேறினார். தன் வாசலையும் தாண்டி ஏழெட்டுப் படி ஏறிய பிறகுதான் இது மொட்டைமாடிக்குப் போகிற படி என்று தெரிந்து திரும்பி இறங்கினார்.

உப்பு விழுந்ததும் புழுக்களுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. அதுவரை அடியில் கிடந்தவை எல்லாம் சுவரில் ஏற ஆரம்பித்தன. விளிம்பைத் தாண்டி வாசற்படியில் நிதானமாக ஊர்வலம் போயின. அவர் துடைப்பத்தால் ஒன்றைத் தள்ளினால், ஒன்பது வேறு பக்கம் போயின.

சரி, வெந்நீர். அவரிடம் இருந்தது காப்பி போடுகிற சின்னக் கிண்ணி. மறுபடியும் கீழே.

"பெரிய பாத்திரம் ஏதாவது இருக்குமா? விருந்தாளிங்க வர்றாங்க."

"எத்தனை பேர் சார்?"

மேகத்துக்கு அந்த ஊர்வலம் கண்ணில் வந்தது. "நிறையப் பேர்."

அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே போய், இருப்பதிலேயே பெரிய அண்டாவை எடுத்துவந்தாள். "மன்னிச்சுக்கோங்க சார்," என்றாள், காரணம் சொல்லாமல்.

இதற்கு மேல் பெரிய பாத்திரம் இல்லையே என்று வருந்துகிறாள், பாவம். அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினார். தண்ணீர் கொதிக்கும்வரை ஆவியில் அவள் குனிந்த முகம் வந்து வந்து போயிற்று. அடுப்பை அணைக்கக்கூட மனம் வரவில்லை.

கொதிநீரை ஒரே மூச்சில் ஊற்றினார். புழுக்கள் அடங்கின. கூடவே தொட்டியும் அடங்கியது. மலிவு பிளாஸ்டிக், இடுப்பு ஒடிந்தவர் மாதிரி மெல்லச் சாய்ந்து, அடி பிளந்து, உள்ளே இருந்த அத்தனையையும் படிக்கட்டில் விட்டது. மாலை வெயில் படிகளில் விழுந்திருந்தது. அந்த வெயிலில் தண்ணீர் பளபளவென்று, வெள்ளை அரிசி தெளித்த மாதிரி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போவதை மேகம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அழகாகத்தான் இருந்தது. அது நேராக அவள் வாசலுக்குப் போகிறது என்று உறைத்தபோது நேரம் கடந்துவிட்டது.

அவர் ஓடி இறங்குவதற்குள் அவளே கதவைத் திறந்துவிட்டாள். ஒரு கையில் துடைப்பம், மறுகையில் பிளீச்சிங் பவுடர்.

"அது வந்து... விருந்தாளிங்க..." என்றார் மேகம்.

"பரவால்ல சார். நீங்க மேல்படியைக் கூட்டுங்க. நான் இங்கேர்ந்து கூட்டிட்டு வர்றேன்."

ஒரு கேள்வி இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. இருவரும் நடுப்படியில் சந்தித்தார்கள். அவள் நிமிரவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது. மேகம் தொண்டையைச் செருமினார். "உங்க அம்மாகிட்ட ஒரு விஷயம் பேசணும்னு..."

துடைப்பம் அவள் கையிலிருந்து நழுவியது. "அம்மாகிட்டயா? வேணாம் சார். தயவுசெஞ்சு வேணாம்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெட்கம். இதைவிடத் தெளிவாக ஒரு பெண் எப்படிச் சம்மதம் சொல்வாள்? மேகம் காற்றில் நடந்துபோய் உடைந்த தொட்டியைத் தெருமுனையில் போட்டுவிட்டு வந்தார். வாசலைக் கழுவினார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கதவருகே நின்றார்.

பொழுது சாயும் நேரம் படிக்கட்டில் காலடிச் சத்தம். அவள் இல்லை, அவள் அம்மா. முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறிவந்தார். கையில் தட்டுப் போட்டு மூடிய கிண்ணம்.

மேகம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பெண்ணைப் பெற்றவர் கிண்ணத்தோடு தானே படியேறி வருகிறார் என்றால் விஷயம் வீட்டில் பேசியாகிவிட்டது.

"வாங்கம்மா. நீங்க எதுக்குச் சிரமப்பட்டுக்கிட்டு?"

"என்ன பண்றது தம்பி, இவ இன்னிக்கு மேல வரவே மாட்டேன்னு அடம் பிடிக்கிறா. அதான் நானே எடுத்துட்டு வந்துட்டேன்."

மேகம் இரண்டு கையையும் நீட்டினார். அந்தம்மா கிண்ணத்தைக் கொடுக்கவில்லை. கழுவித் துடைத்த வாசலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பார்த்தார்.

"இங்க இருந்த தொட்டி எங்க தம்பி?"

"தூக்கிப் போட்டுட்டேன்மா," என்றார் மேகம், பெருமையாக.

"அட கடவுளே, அப்ப மீன் கழுவின கழிவையெல்லாம் இனிமே நாங்க எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?"