மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் நான் மாற்றிய லினக்ஸ்

நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரைச் 'சரி' செய்யாமல் தூக்கம் வராத மனிதர்கள் சிலர் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு நான் தலைவராகவே இருக்கலாம். லேப்டாப்பை இயக்குகிற மென்பொருள் லினக்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் சபதம். அது யாருக்கும் தனிச்சொத்து இல்லை. யார் வேண்டுமானாலும் பிரித்து மாற்றி, தன் பங்குக்கு ஒன்றை வெளியிடலாம். அதனால் அதில் எத்தனையோ வகை. அத்தனையையும் பார்த்துவிடுவது என்று இறங்கியிருந்தேன். (மலைமேல் வட்டக்கானலில் எங்கள் ஹோம்ஸ்டேக்கு ஆள் வராத மாதங்களில் வேறு என்ன சோலி?)

அப்போதுதான் தங்கை ராணிக்கு ஜெர்மனி வரன் வந்தது. வந்த போட்டோக்களை எல்லாம் பார்த்த வேகத்தில் திருப்பிக் கொடுக்கிறவள், இந்தப் போட்டோவை மட்டும் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை கம்பளிக் குல்லா போட்டிருந்தார். எங்கள் ஊரில் குல்லா போடாதவனைத்தான் உற்றுப் பார்ப்போம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஞாயிறு மதியம் வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு. வீட்டில் போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும் என்பதால், வைஃபையில் என் லேப்டாப்தான் கதி. அதில் ஸ்பீக்கர் லேசாகக் கரகரத்தது. தங்கச்சி வாழ்க்கையாயிற்றே! சனிக்கிழமை பழைய லினக்ஸைத் துடைத்துவிட்டு வேறொன்றை ஏற்றினேன்.

"அண்ணே, நாளைக்கு மட்டும் அதத் தொடாதண்ணே. உன்னக் கும்புட்டுக் கேக்குறேன்" என்று ராணி வந்து நின்றபோது பழையது போயேபோயிருந்தது.

புதியதோ வைஃபை என்று ஒன்று இருப்பதையே ஒத்துக்கொள்ளவில்லை. வைஃபையை ஓட்ட டிரைவர் என்றொரு குட்டி மென்பொருள் வேண்டும். டிரைவரை நெட்டிலிருந்து இறக்க வேண்டும். நெட்டுக்கு வைஃபை வேண்டும். விடுவேனா? லேப்டாப்பை ஸ்வெட்டருக்குள் பொத்திக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற டீக்கடை வளைவு வரை மேடேறி, போன் நெட்டில் டிரைவரை இறக்கிக்கொண்டுதான் திரும்பினேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு சிலை வைத்தாலும் மறுத்திருக்க மாட்டேன்.

ஞாயிறு வெள்ளனே பழனியிலிருந்து தாய்மாமா வந்துவிட்டார். அடிவாரத்தில் கடை வைத்திருப்பவர். மதியம் திரையில் மாப்பிள்ளை தெரிந்தார். குல்லாவோடு சிரித்தார். "ஹலோ... நீங்க பேசுறது கேக்கலைங்க" என்றார்.

திரையில் மைக் படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. நான் கண்டதையும் அமுக்கினேன். கோடு அசையவில்லை.

"நாம பேசுறது அவருக்குக் கேக்காது. கொஞ்சம் பொறுங்க, வேற லினக்ஸ் ஏத்திருறேன்" என்று பென்டிரைவைத் தேடினேன்.

அந்தப் பக்கம் ஹீட்டர் சூடோ என்னவோ, மாப்பிள்ளை குல்லாவைக் கழற்றினார். தலை பளபளத்தது.

"அட, மொட்ட போட்டுருக்காரு! நம்ம ஊருக்கு வந்துட்டு ஒரு வார்த்த சொல்லலையே" என்று மாமா குறைபட்டார்.

"மொட்டையாண்ணே இது? வழுக்க! குல்லாயப் போட்டு ஏமாத்திருக்காங்க" என்றார் அம்மா.

"ஏ, எனக்குத் தெரியாதா? விடிஞ்சா பொழுது போனா நான் பாக்குறதே மொட்டையத்தான்." மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையில் மூக்கை ஒட்டினார். பிறகு மெதுவாகப் பின்வாங்கினார். "ஆமாத்தா. வழுக்கதான்."

"வேணாம்ணே. வெரசா வேற எடம் பாப்போம்" என்றார் அம்மா.

மாப்பிள்ளை இதற்குள் 'கேக்கல' என்பதை நிறுத்தியிருந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை, மண்டையில் மசாலா உள்ள நான் உட்பட.

ராணி எழுந்தாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? நான் என்ன முடியவா கட்டிக்கப் போறேன்? எனக்கு இவரப் புடிச்சிருக்கு. இவர் இல்லன்னா இனி ஒரு போட்டோவும் எங்கிட்டக் கொண்டாராதீங்க!"



"எனக்கும் புடிச்சிருக்குங்க" என்றது லேப்டாப்.

கோடு குறுக்கே கிடந்ததே தவிர, நான் அமுக்கியதில் எதுவோ மைக்கைத் திறந்து ரொம்ப நேரமாகிவிட்டிருந்தது. ராணி அடுக்களைக்கு ஓடினாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாமா சொன்னது சரிதாங்க" என்றார் மாப்பிள்ளை. "பழனியில மொட்டதான் போட்டேன். அப்புறம் வளரல."

கல்யாணம் முடிந்து, இப்போது அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. நான் இல்லாவிட்டால் தங்கச்சி மனசை யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் அவ்வப்போது கேட்பதுண்டு. ஆனால் குழந்தையின் காதுகுத்துக்கு நாள் குறிக்கப் போனபோது அம்மா ஜோசியரிடம், "ராகு காலம், எமகண்டம் கெடக்கட்டும். இவன் கம்ப்யூட்டர மாத்தாத நாளாப் பாருங்க" என்றார்.

ஜோசியர் சிரிக்கவே இல்லை. பஞ்சாங்கத்திலிருந்து தலையைத் தூக்கி, "தம்பி, இந்த மாசம் மாத்துற உத்தேசம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட்டேன்.