சிங்க் மாமி

மும்பைக் கடலில் இன்னும் நாலு மீன் உயிரோடு நீந்துகிறது என்றால், அதற்கு எங்கள் சிங்க் மாமிதான் காரணம். வேறு யாராவது பெருமை கொண்டாடினால் நம்பாதீர்கள்.

நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்த பல்கலைக்கழகத்தில் ரசாயனக் கழிவுகளுக்கு அவர்தான் அதிகாரி. தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவிலிருந்து வருவார். எந்த ஆய்வகத்தில் குழாயைத் திறந்தாலும் காரிடார் கோடியிலிருந்து குரல் வரும்: "யாருடா அது? சிங்க்ல என்ன கொட்டறே?" கை கழுவுகிறவன்கூடப் பதில் சொல்லிவிட்டுத்தான் கழுவ வேண்டும். ஒருமுறை துறைத்தலைவர் ஆறிப்போன டீயைக் கொட்டப் போய், மாமி பார்த்த பார்வையில் அதைக் குடித்தே தீர்த்தார்.

அமிலக் கழிவுக்குத் தனி பாட்டில், ஆல்கஹால் கழிவுக்குத் தனி பாட்டில். "ரெண்டும் கோவிச்சுண்ட சம்பந்திகள்டா. ஒரே ரூம்ல விடப்படாது" என்பார்.

ஆயுத பூஜை வந்தது. என்னோடு படித்த தாராவி முருகன் ஆய்வகத்தைச் சுத்தம் செய்தான். அவன் வீட்டில் பூஜைக்கு முன்னால் கால் டப்பா, அரை டப்பா மிச்சங்களை ஒரே டப்பாவில் சேர்த்துவிடுவார்கள். அதே வழக்கத்தில், மிச்சமிருந்த நைட்ரிக் அமிலத்தை ஆல்கஹால் கழிவோடு ஊற்றி, மூடியை இறுகத் திருகி, ஹூட் என்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தான். பிறகு பாட்டிலுக்குச் சந்தனப் பொட்டு வைக்கக் கையை நீட்டினான்.

மாமி சுண்டல் தூக்கோடு வாசலில் நின்றார். சாப்பாட்டோடு உள்ளே வரக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். பாட்டிலுக்குள் பழுப்புப் புகை சுழல்வது அவர் கண்ணில் பட்டது. தூக்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"தொடாதேடா! எல்லாரும் வெளியே ஓடுங்கோ!"

ஒரு கையால் ஹூட்டின் கண்ணாடியை இறக்கி, மறு கையால் முருகனைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தார். நாங்கள் காரிடாருக்கு வந்ததும் உள்ளே பாட்டில் வெடித்தது.

மாமி அவன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். கைகளைப் புரட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

முருகன் அழுதேவிட்டான். "ஏசுங்க மாமி. தப்பு பண்ணிட்டேன்லா, ஏசுங்க."

"நாளைக்கு ஏசறேன்டா கண்ணா. இன்னிக்கு எனக்குத் தெம்பில்லே" என்று சொல்லி, சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தவர் மத்தியானச் சாப்பாடு வரை ஏசினார். முருகன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். மாமி பழையபடி ஆகிவிட்டாரே என்ற சந்தோஷத்தில், சம்பந்தமே இல்லாத நாங்களும் பக்கத்தில் போய் வரிசையாக நின்றுகொண்டோம்.