மாப்பிள்ளை பெயர் காணாமல் போன பத்திரிகை

அன்பு மச்சான் முஜீபுக்கு, சோளக்காட்டு மிளகுக் கடையிலிருந்து அப்துல் நாசர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அக்கா மஹ்மூதாவும் சுகம். ஷார்ஜாவில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆ செய்கிறோம். போனில் சொன்னால் நீ சிரிப்பது எனக்குக் கேட்கும், அதனால்தான் தபால்.

நம் நஸ்லினின் நிக்காஹ் பத்திரிகையை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு நானே வெப் பக்கமாகச் செய்தேன். பெருமையோடு எல்லோருக்கும் அனுப்பிவிட்டு டீயைக் கையில் எடுக்கிறேன், சேந்தமங்கலத்துச் சம்மந்தி போனில் வந்துவிட்டார். "ஏனுங்க பாய், பொண்ணு பேரு இருக்குது, எங்க பையன் முபஷிர் பேரு எங்கீங்க? என்னமோ 'அன்டிஃபைண்டு'ன்னு போட்டிருக்குதே! புடிக்கலீன்னா நேராச் சொல்லீருங்க!" எனக்கு வேர்த்துவிட்டது. உன் அக்கா வேறு, "மாப்பிள்ளை பேரையே தொலைச்ச மாமனாரு நீங்க ஒருத்தருதான்" என்கிறாள்.

மறுபடி பாடத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளை விவரத்தை நஸ்லின் தனியாக ஒரு சர்வரில் ஏற்றியிருந்தாள். அங்கிருந்து வந்துசேர நேரமாகும். அதற்காக நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டால் அது அசிங்க்ரனஸாம். ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்றால் சிங்க்ரனஸாம். பெயர் வந்துசேருமுன் பக்கம் திறந்துகொண்டதால்தான் 'இன்னதென்று தெரியாது' என்கிற அந்த 'அன்டிஃபைண்டு' விழுந்தது என்று முடிவுகட்டினேன். படித்ததும் உன் நினைவுதான் வந்தது மச்சான். நீ அங்கே போன புதிதில் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு உன் அக்கா டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அடுப்பில் சோறு தீய்ந்தாலும் எழமாட்டாள். கடிதம் போட்டாலோ மிளகு காயவைப்பாள், ஆட்டுக்குத் தழை ஒடிப்பாள், தபால்காரர் தலை தெரிந்ததும் அத்தனையையும் போட்டுவிட்டு ஓடுவாள். நீ எழுதியதை அவள் உரக்கப் படிப்பாள், பாதியில் அழுவாள், மீதியை நான் படிப்பேன். இப்போது தினமும் வீடியோவில் உன் முகத்தைப் பார்க்கிறோம், ஆனாலும் அவள் அப்படி ஓடி நான் பார்த்து வெகுகாலமாயிற்று.

எதையோ சொல்ல வந்து எங்கோ போகிறேன். 'அவெய்ட்' என்று ஒரே சொல்லைச் சேர்த்தேன், பெயர் வரும்வரை காத்திருக்கட்டும் என்று. இன்று காலை பார்த்தால் 'மணமகன் முபஷிர்' என்று ஜம்மென்று நிற்கிறது! சம்மந்தியும், "கெட்டிக்காரருங்க நீங்க" என்றார்.

குடும்பத்தோடு முன்கூட்டியே வந்துவிடு. அல்லாஹ் உங்கள் எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான் அப்துல் நாசர்

பி.கு.: இதைப் படித்துவிட்டு நஸ்லின் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அத்தா, நீங்க மாத்துனத இன்னும் அப்லோடே பண்ணலீங்க. சர்வர்லருந்து பேர எடுத்து வெச்சது நாந்தான். கல்யாணத்துக்கப்பறமும் வேலைக்குப் போவேன், சம்மதமான்னு அவர்கிட்டக் கேட்டிருந்தேன். நேத்துத்தான் சரின்னு பதில் வந்துச்சு. பேரப் போட்டுட்டேன்." சம்மந்தியிடம் சொல்லிவிடாதே மச்சான், அவர் என்னை எஞ்சினியர் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்.