அலெக்ஸாண்டிரியாவில் நின்ற மாப்பிள்ளை

ஆடுகிற மேசை, விரிசல் விழுந்த பழைய மடிக்கணினி, மாடிப்படியில் உட்கார்ந்தால் மட்டுமே எட்டுகிற பக்கத்து வீட்டு வைஃபை, "பொண்ணுக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்று கேட்ட பெரியப்பா, இத்தனையையும் வென்று, தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடித்துவிடுகிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. அவர்கள்தான் தங்கள் முதல் ஆப்பை எழுதி முடித்தவர்கள். அந்த இனத்தின் திலகம் கெய்ரோவில், சயிதா ஜைனப் சந்தில் இருக்கிறாள். பெயர் அபீர். சந்தேகமா? கீழே இஸ்திரிக் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன் ரகப்பைக் கேளுங்கள். காலரில் தொடங்கி கைமடிப்பு வரை ஒன்றும் விடாமல் சொல்வார்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். நலம் விசாரிக்கும் முன்பே உங்கள் போனைக் கேட்பார்கள். 'இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?' என்று போன் உங்களைத்தான் கேட்கும். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அனுமதியை அவர்களே அழுத்திவிடுவார்கள். கூரைக்கடியில் சிக்னல் சரியாக எடுக்காதாம். உங்களை மொட்டைமாடிக்கு இழுத்துப்போய், புறாக்கூண்டுகளுக்கு நடுவே நிற்கவைத்து, பிறந்ததிலிருந்து நீங்கள் குடியிருக்கும் சந்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள் என்று அறிவிப்பார்கள். நீங்கள் கைதட்ட வேண்டும். ரகப் தட்டினார். அதற்கும் முன்னால், ஆப்பைச் சோதித்துப் பார்க்கக் கணினிக்குள் இருக்கும் பொம்மைப் போன் 'நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள்' என்றபோதே தட்டியவர் அவர். பொம்மைப் போன் எல்லோரையும் அங்கேதான் அனுப்புமாம். அதனாலென்ன, தங்கை செய்தது!

அத்தோடு நிறுத்தினாளா? அடுத்தவர் இருக்கும் இடத்தையும் காட்டும்படி செய்தாள். போர்வைக்குள் படுத்துக்கொண்டே "வழியில இருக்கேன்" என்று சொல்வதுதான் மரியாதை என்றிருக்கும் ஊரில் இது எவ்வளவு பெரிய வெடிகுண்டு! அபீருக்கு நிச்சயித்திருந்த தாமிரோ அந்தக் கலையில் கரைகண்டவன். ஆப் முதலில் ஏறியது அவன் போனில்தான்.

வெள்ளிக்கிழமை மதிய விருந்து. முட்டைக்கோசில் சோறு பொதிந்து அம்மா அடுக்கி வைத்தது ஆறிக்கொண்டிருந்தது. "வழியில இருக்கேன்" என்று தாமிரின் போன் வந்தது. அபீர் ஆப்பைத் திறந்தாள். சிவப்புப் புள்ளி இருநூறு கிலோமீட்டர் தள்ளி, கடற்கரை நகரமான அலெக்ஸாண்டிரியாவின் ஓரத்தில் நின்றது.

"கடலுக்கா போயிருக்கான்? யாரோட?" என்று அம்மா எழுந்தார். "கழட்டுடி அந்த நிச்சய வளையல! இன்னிக்கே திருப்பிக் குடுத்துடலாம்."

அபீரின் கண் கலங்கியது. வளையல் மணிக்கட்டைத் தாண்டிப் பாதி உள்ளங்கைக்கு வந்துவிட்டது. ரகப் போனைப் பிடுங்கித் தாமிரை அழைத்தார்.

"டேய், எங்கடா இருக்க?"

"உங்க சந்து முனையில அண்ணே."

"பொய்! அலை சத்தம் கேக்குது."

"அது கரும்புச்சாறு மெஷின் அண்ணே!"

சற்று நேரத்தில் பால்கனிக்குக் கீழே குரல் கேட்டது. "அத்தே, கூடைய இறக்குங்க!"

யார் கூப்பிட்டாலும் பால்கனியிலிருந்து கயிற்றுக் கூடையை இறக்குகிற கை அம்மாவுடையது. கோபத்திலும் இறக்கினார். மேலே வந்த கூடையில் ஒரு தட்டு பஸ்பூசா என்கிற ரவை இனிப்பு இருந்தது.

அம்மா தொட்டுப் பார்த்தார். "சூடா இருக்கே. அவ்வளவு தூரத்துலேர்ந்து எப்படி?"

அபீர் கீழே எட்டிப் பார்த்தாள். தாமிர் கையசைத்தான். திரையைப் பார்த்தாள். "அது அவரா இருக்காதும்மா. ஆப் பொய் சொல்லாது."

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், திரையில் தெரிவதே மெய்!

"அலெக்ஸாண்டிரியாவுலேர்ந்து கேக்குறேன், கதவத் தொறப்பீங்களா மாட்டீங்களா?" என்றான் மாப்பிள்ளை.

திறந்தார்கள். அவன் முட்டைக்கோசு அடுக்கைக் காலி செய்துகொண்டிருக்க, அபீர் தான் எழுதியதை வரிவரியாகப் படித்தாள். வடக்கே எத்தனை பாகை, கிழக்கே எத்தனை பாகை என்ற இரண்டு எண்களையும் இடம் மாற்றி அனுப்பியிருந்தாள். வேறு ஊர்க்காரர் இப்படிச் செய்தால் நடுக்கடலிலோ பனிப்பாலையிலோ போய் விழுந்து, சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். கெய்ரோவுக்கோ ஒன்று முப்பது, மற்றது முப்பத்தொன்று. மாற்றிப் போட்டால் நேராக அலெக்ஸாண்டிரியா வாசலில் இறக்கிவிடும். எவ்வளவு நம்பகமான பொய்!

"ஆயுசுல முதல் தடவ நெஜமாவே வழியில இருந்தேன்," என்று புலம்பினான் தாமிர்.

அபீர் வளையலை மேலே தள்ளிக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? நேற்று கல்யாண மண்டபத்து வாசலில், மேளச்சத்தம் காதைப் பிளக்க, 'இன்னும் இருநூறு மீட்டர்' என்று போன் சொன்னதை நம்பித் தாண்டிப் போனது யார்? அபீராவது திருத்திக்கொண்டாள். அதுவரை எழுதியவர் பெயரே இல்லாதிருந்த ஆப்பின் கடைசிப் பக்கத்தில் அன்று ஒரு வரி சேர்த்தாள். சட்டை வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ரகப் அதைக் காட்டுகிறார்:

எழுதியது, தவறியது, திருத்தியது: அபீர். வெள்ளி, 8 நவம்பர் 2019.