அக்கா வீட்டுக் குழாய்த் தண்ணீர் விஷயமாக

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் ஆதாரமில்லாமல் ஆறுதல் சொல்லக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிவிட்டார்கள். ஆகவே, தெரிந்த வரையில் சுகம். உன் வீட்டுத் தண்ணீர் விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும். பதறாதே. ஐயையோ, எழுதிவிட்டேனே! "பதறாதீங்கன்னு ஆரம்பிச்சா சும்மா இருந்தவனும் பதறுவான்" என்று எங்கள் பயிற்சி அம்மா தினமும் தலையில் அடித்துக்கொள்கிறார். நேற்றே போனில் சொல்லலாம் என்றுதான் கூப்பிட்டேன். நீ "என்னடா?" என்று அதட்டியதும் "சும்மாதான்" என்று வைத்துவிட்டேன்.

என் நிலைமை அப்படி, அக்கா. எந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்று கணக்கிட்டு, அதை மக்களுக்குப் புரியும்படி சொல்ல, எங்களைப் போன்ற சுகாதார ஆய்வாளர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். வெள்ளிக்கிழமை தேர்வு. தேறினால் மேசை, நாற்காலி, மின்விசிறி. தேறாவிட்டால் பழையபடி கொசுப்புகை வண்டிக்குப் பின்னால் இருமிக்கொண்டே நடக்க வேண்டியதுதான். ஒத்திகையில், தொட்டித் தண்ணீரில் கிருமி என்று நான் அறிவிக்க வேண்டும். "பயப்பட ஒண்ணுமில்ல, அதாவது பெரிசா ஒண்ணுமில்ல, அதாவது இதுவரைக்கும்..." என்று நான் இழுத்ததில், பொதுமக்களாக நடிக்க வந்த கால்நடை மருத்துவர் நிஜமாகவே எகிறினார்: "யோவ், குடிக்கலாமா கூடாதா, அதைச் சொல்லுய்யா!" பயிற்சி அம்மா சொன்னார்: "முதல் வரியிலயே விஷயத்தைச் சொல்லுங்க. அதுக்கும் முன்னாடி நம்பிக்கையைச் சம்பாதிங்க. உங்களை நம்பாதவங்க, நீங்க வேண்டாம்னு சொல்றதைத்தான் செய்வாங்க."

வீட்டில் பழகிப் பார்க்கலாம் என்று ஆபத்து அட்டவணை ஒன்று வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். குளியலறை ஈரத்தரை, மஞ்சள் கட்டம். ஏணியில் ஏறி பல்பு மாற்றும் மாமனார், சிவப்புக் கட்டம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "ஏன் மாப்ளே, இந்த வீட்ல ஆபத்து நானா?" என்றவர்தான், அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். நான் ஃபேனைப் போட்டால் அவர் அணைக்கிறார். "எங்கப்பாவைக் கட்டம் கட்டிட்டீங்கல்ல?" என்று உன் தம்பி மனைவியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுப்பாடமாக இரண்டு வீட்டுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். போன வாரம் வந்தபோது உன் வீட்டுக் குழாயில் நீல மூடிப் பாட்டிலில் பிடித்தேன். எங்கள் குழாயில் வெள்ளை மூடிப் பாட்டிலில் பிடித்தேன். பெயர்ச் சீட்டு ஒட்டிக் கொடுத்தேன். முடிவு வந்துவிட்டது. எங்கள் தண்ணீர் சுத்தம். உன் தண்ணீரில்தான் கிருமியாம். கொதிக்க வைக்காமல் ஒரு வாய்கூடக் குடிக்காதீர்கள். தொட்டியைக் கழுவி எத்தனை நாளாயிற்று? தரையில் ஒரு தலைமுடி கிடந்தாலே ஊரைக் கூட்டுகிற நீயா இப்படி? எங்கள் தொட்டியை வந்து பார், கற்றுக்கொள்ளலாம். இதைத் தம்பியாகச் சொல்லவில்லை, ஆய்வாளராகச் சொல்கிறேன். அடிக்க வராதே.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம், கூடவே வெந்நீர்.

இப்படிக்கு,
அடிக்குப் பயந்த,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஆய்வகத்திலிருந்து போன். "சார், நீல மூடி சுத்தம், வெள்ளை மூடியிலதான் கிருமி. படிவத்துல நீலம் அக்கா வீடுன்னு எழுதியிருக்கீங்க, பாட்டில் சீட்டுல மாறியிருக்கு. சீட்டை யாரு ஒட்டினது?" என்கிறார்கள். யார் ஒட்டினது? நான்தான். பதற்றத்தில் மாற்றி ஒட்டியிருக்கிறேன். உன் தண்ணீர் பரிசுத்தம், அக்கா. மேலே எழுதியதையெல்லாம் எனக்கு எழுதியதாக எடுத்துக்கொள். போனை வைத்துத் திரும்பினால், மாமனார் குழாயில் பிடித்த டம்ளரைத் தூக்குகிறார். முன்னுரை இல்லை, இழுவை இல்லை, "மாமா, குடிக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். பயிற்சி அம்மா கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே தேர்ச்சி போட்டிருப்பார். மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்வையை எடுக்காமலே கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். இப்போது இரண்டாவது டம்ளர் பிடிக்கிறார். அக்கா, நீ சொன்னால் கேட்பார், உடனே புறப்பட்டு வா.